ஜன்னலோர மெஷின்ல மணி மூணு

எனக்குக் கோவம் வந்தா முதல்ல காது சூடாகும். அப்புறம்தான் வாய் திறக்கும். என் வீட்டுக்காரர் என் காதைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் பக்கத்துல உக்காருவார். அந்தப் பரீட்சை நாளைப் பத்திச் சொல்ல ஆரம்பிக்கும்போதே எனக்குக் காது கொதிக்குது. நடுவுல எங்கயாவது கத்திட்டா பொறுத்துக்கோங்க.

நான் மெப்ராத். ஜிம்மா டவுனுக்குப் போற ரோட்டுல, மழைக்காலத்துல பாதி நாள் கரண்ட் இல்லாத ஊரு எங்க ஊரு. அங்க இருக்கற நர்சிங் காலேஜ்ல கம்ப்யூட்டர் ஹால் என் பொறுப்பு. கடைசி வருஷப் பிள்ளைங்க எழுதற அரசாங்கப் பரீட்சை இப்போ பேப்பர்ல கிடையாது. தலைநகர்லேர்ந்து நெட்டு வழியா கேள்வி வரும், பிள்ளைங்க மெஷின்ல பதில் தட்டணும். அதுல தேறினாத்தான் நர்ஸ். தேறலைன்னா படிச்ச படிப்பு அவ்வளவும் வீண்.

அந்த வருஷம் எழுத வந்தவங்கள்ல உபாலெம்னு ஒரு பொண்ணு. மலைக்கு அந்தப் பக்கம் அவ ஊரு. அங்க ஒரு சுகாதார நிலையத்தைக் கட்டி முடிச்சு, நர்ஸ் இல்லாம பூட்டியே போட்டு வச்சிருக்காங்க. இவ தேறி வந்தா சாவி இவ கையிலன்னு ஊர்க்காரங்க சொல்லிட்டாங்க. போன தடவை பரீட்சை அன்னைக்கே அவளுக்குப் பிரசவ வலி. ரெண்டு வாய்ப்புதான் உண்டு, வராமப் போனாலும் அது ஒரு வாய்ப்பாத்தான் கணக்கு. எந்த மகராசன் போட்ட சட்டமோ, அவன் வீட்டுல யாரும் பிள்ளை பெத்ததே இல்ல போலிருக்கு. ஆக, இதை விட்டா அவளுக்கு வேற வழி கிடையாது. புருஷன் லெம்மா கைக்குழந்தையைப் போர்வைல சுத்தி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, வாசல்ல தகரக் கூரைக்குக் கீழ மழைக்கு ஒதுங்கி நின்னான்.

எங்க ஊர்ல மணிக்கு ரெண்டு கணக்கு. காகிதத்துல ஒண்ணு, வாயில ஒண்ணு. வாயில சொல்றது, காலைல ஆறுக்குச் சூரியன் வந்தப்புறம் ஒரு மணி நேரம் போனா ஒரு மணி, அதுக்கப்புறம் ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கிட்டே போவோம். காலேஜ் நோட்டீஸ்ல பரீட்சை ஒன்பது மணிக்குன்னு ஒட்டியிருக்கும். அதைப் படிச்சுட்டு அதே மூச்சுல "மூணு மணிக்குப் பரீட்சையாம்டி"ன்னு சொல்லிட்டுப் போவாளுங்க. யாருக்கும் ஒரு குழப்பமும் வராது. ரெண்டையும் சேத்தே முழுங்கி வளந்தவங்க நாங்க.

அந்த வளப்புதான் அன்னைக்கு எங்க எல்லார் கண்ணையும் கட்டிடுச்சு.

முந்தின நாள் சாயங்காலம் நான் ஒவ்வொரு மெஷினையும் போட்டுப் பாத்தேன். பாஸ்வேர்டு கேக்கற அந்த முதல் திரை வரும், அதுல பெருசா மணி தெரியும். எல்லாத்துலயும் பதினாறு பத்து, பதினாறு பதினொண்ணுன்னு வந்துச்சு. சரிதான், காகிதக் கணக்குல சாயங்காலம் நாலு மணி. வராந்தா பக்கம் ஜன்னலோரமா இருக்கற கடைசி மெஷின்ல பத்து பதிமூணுன்னு வந்துச்சு. அதுவும் சரிதான், வாய்க் கணக்குல அப்போ பத்து மணிதானே! கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தேன்னு வேற எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கிட்டேன். ரெண்டு கணக்கும் சரியா தெரிஞ்சதுதான் வினை.

மறுநாள் காலைல உபாலெமுக்கு அந்த ஜன்னலோர மெஷின்தான் விழுந்துச்சு. திரைல ரெண்டு ஐம்பதுன்னு இருந்துச்சு. அவ கை வாட்ச்லயும் ரெண்டு ஐம்பதுதான். பாவி மகளுக்கு மனசு நிம்மதியாயிடுச்சு, நேரத்துக்கு வந்துட்டோம்னு.

மேற்பார்வைக்குத் தலைநகர்லேர்ந்து யாரெட்னு ஒருத்தர் வந்திருந்தார். சின்ன வயசு, கழுத்துல டை, கைல விதிப் புத்தகம். "யாரும் பேசக் கூடாது, திரும்பக் கூடாது, மெஷின் சொல்றதை மட்டும் செய்யணும்"னு சொல்லி ஆரம்பிச்சு வச்சார். மத்த எல்லார் திரைலயும் கேள்வி வந்துச்சு. உபாலெம் திரைல மட்டும் 'தேர்வு இன்னும் தொடங்கவில்லை, காத்திருக்கவும்'னு வந்துச்சு.

அவளும் காத்திருந்தா. மெஷின் சொல்றதைச் செய்யணும்னு சொல்லிட்டாரே! நெட்டு மெதுவா வருதுன்னு நினைச்சுக்கிட்டு, கையைக் கட்டிக்கிட்டு, பக்கத்துப் பொண்ணு டக்கு டக்குன்னு தட்டறதைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தா. கால் மணிக்கு மேல போனதும்தான் பயந்து பயந்து கையைத் தூக்கினா.

நான் ஓடினேன். "எரே, ஏண்டி இவ்வளவு நேரம் சும்மா இருந்த? வாயில என்ன இன்ஜெரா ரொட்டியை அடைச்சு வச்சிருந்தியா?"ன்னு காதோரமாத் திட்டினேன்.

"காத்திருக்கச் சொல்லுச்சு அக்கா"ன்னா.

கேபிளை உருவிச் சொருகினேன். ஒண்ணும் ஆகல. மெஷினை அணைச்சுப் போட்டேன். முதல் திரை வந்துச்சு, மணி மூணு இருபத்திரெண்டு. சரியாத்தானே இருக்குன்னு உள்ள போனா, மறுபடியும் 'காத்திருக்கவும்'. உள்ள இருக்கற சின்ன பேட்டரி செத்திருக்குமோன்னு சந்தேகம் வந்துச்சு. அது செத்தா தேதியே எங்கயாவது பழைய வருஷத்துக்குப் போயிடும். தேதி சரியா இருக்கு, நிமிஷம் கூட அச்சு பிசகாம இருக்கு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வேற எங்க பாக்கறதுன்னு தெரியாம பக்கத்து மெஷினை எட்டிப் பாத்தேன். ஓரத்துல ஒன்பது இருபத்தஞ்சு. இங்க திரும்பினா மூணு இருபத்தஞ்சு.

அப்போதான் மண்டைல உறைச்சுச்சு.

மெஷினுக்கு வாய்க் கணக்கு தெரியாது. அதைப் பொறுத்தவரைக்கும் இன்னும் பொழுதே விடியல. அந்தப் பரீட்சை புரோகிராமை எழுதின அறிவாளி, தலைநகர்ல இருக்கற கடிகாரத்தைப் பாக்காம, ஒவ்வொரு மெஷினும் என்ன மணி காட்டுதோ அதைப் பாத்துக் கதவைத் திறக்கச் சொல்லி எழுதியிருக்கான். அவன் கையை உடைக்க! ஒன்பது ஆகட்டும்னு மெஷின் உக்காந்திருக்கு. அதுக்கு ஒன்பது ஆகறப்போ இங்க பிள்ளைங்க வீட்டுக்குப் போயிருக்கும்.

மணி வைக்கற இடத்தைத் திறந்தேன். எந்த ஊர் நேரம்ங்கற இடத்துல, எங்களுக்கு எப்பவும் நைரோபின்னு இருக்கும், அங்கயும் எங்க மணிதான். அதுல புவெனஸ் அய்ரஸ்னு, கடல் தாண்டி ஆறு மணி நேரம் பின்னால ஓடற ஊரு, இருந்துச்சு. எங்க ஊர்லேர்ந்து யாரு அங்க போய்க் குடித்தனம் பண்றா? சத்தியமா எனக்குப் புரியல. சட்டுன்னு நைரோபிக்கு மாத்தினேன். மூணு ஒன்பதாச்சு. கதவு திறந்துடும்னு பாத்தா, திரை முழுக்கச் சிவப்பு. 'தேர்வு நேரத்தில் கடிகாரம் மாற்றப்பட்டுள்ளது. இந்தத் தேர்வர் நிறுத்தப்படுகிறார்.'

உபாலெம் என் முகத்தைப் பாத்தா. என் அவசரத்துல நானே அவளைப் பூட்டிட்டேன்.

யாரெட் வந்து பாத்துட்டு, என்னை வாசல் பக்கம் மேஜைக்குக் கூப்பிட்டார். மத்த பிள்ளைங்க எழுதிட்டிருக்கு, அதனால கிசுகிசுன்னுதான் பேசணும். கிசுகிசுன்னு சண்டை போடறது எவ்வளவு கொடுமைன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு.

"வைஸெரோ மெப்ராத், கடிகாரத்தை யாரோ முன்னாடியே மாத்தி வச்சிருக்காங்க. இது முறைகேடு"ன்னார், மரியாதையாவே.

"ஐயா, நாம பேசற மணிக்குத்தான் யாரோ வச்சிருக்காங்க. நீங்களே நேத்து வராந்தால நின்னு 'எல்லாரும் ரெண்டரைக்கே வந்துடுங்க'ன்னு சொன்னீங்களா இல்லையா? அந்த ரெண்டரை எந்த ரெண்டரை? நடு ராத்திரியா?"

அவர் முகத்துல சிரிப்பு வரப் பாத்துச்சு, அடக்கிக்கிட்டார். "எனக்குப் புரியுதும்மா. தலைநகர்ல இருக்கற மெஷினுக்குப் புரியாது. அங்க பூட்டைத் திறக்கணும்னா நான் ஒரு பேரு சொல்லணும். தேர்வரே மாத்தினாங்களா, இல்ல ஊழியர் யாராவது மாத்தினாங்களா? ஊழியர்னா அவங்களுக்கு வேலை போகும், பொண்ணு எழுதலாம். பேரே இல்லைன்னா பொண்ணு பேருதான். விதி அப்படித்தான் இருக்கு."

"அந்தப் பொண்ணு இதுக்கு முன்னாடி இந்த மெஷினைத் தொட்டது கூட இல்ல!"

"அப்போ யாரு தொட்டாங்க?"

எனக்குக் காது சூடாச்சு. நேரத்தை மாத்தறதுக்கு அதிகாரி பாஸ்வேர்டு வேணும். அது ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நான். இன்னொண்ணு எங்க டீன் காஷே பெலாச்சு; காஷேன்னா பெரியவருக்கு நாங்க குடுக்கற மரியாதை. அவருக்கு மதியானம் ஆனா காப்பி ஊத்தின சின்னச் சினிக் கோப்பையோட அந்த ஜன்னலோரம் வந்து உக்காந்து மெஷின்ல செய்தி படிக்கற வழக்கம். வெளில சட்டி வச்சுக் காப்பிக்கொட்டை வறுக்கற பொம்பளை மூணாவது சுத்துக் காப்பியும் ஊத்திட்டுப் போனப்புறம்தான் எழுந்திரிப்பார்.

ஆளைத் தேடவே வேண்டியதில்ல. ஏதோ சரியில்லன்னு பாத்து அவரே வராந்தாவுக்கு வந்துட்டார். நரைச்ச தலை, தேய்ச்சுப் போட்ட கோட்டு. ஊர்ல அவரைப் பாத்துக் குனிஞ்சு வணக்கம் சொல்லாம எந்தப் பிள்ளையும் தாண்டாது, நானும்தான். வெளில போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துச்சு. என் கையைப் பிடிச்சு ஜன்னல் ஓரமா ஒதுக்கினார்.

"மெப்ராத், என் பிள்ளே, மெதுவாப் பேசு. நான்தான் மாத்தினேன். தினம் அந்த மெஷின்ல அந்நியன் மணியையே பாத்துக்கிட்டு, மனசுல ஆறைக் கழிச்சுக்கிட்டு... என் ஹால்ல, என் காப்பியைக் குடிச்சுக்கிட்டு நான் எதுக்குக் கழிக்கணும்? மணியை மாத்தினா நெட்டு வந்ததும் பழையபடி ஓடிடுது. ஊரை மாத்தினா நிக்குது. அது எந்த ஊருன்னு எனக்கே தெரியாது. நம்ம மணி வந்துச்சு, விட்டுட்டேன். பரீட்சைக்கு இது குறுக்க வரும்னு கனவா கண்டேன்?"

சொல்லப் போனா எனக்கு அப்போ கொஞ்சம் மனசு இளகிடுச்சு. மனுஷன் கெட்டது நினைச்சுச் செய்யல. "சரி காஷே, பரவால்ல. உள்ள வந்து இதையே அவர்கிட்ட சொல்லுங்க. அவரும் நம்ம ஊர்க்காரர்தான், புரிஞ்சுப்பார். பொண்ணு எழுதட்டும்"னேன்.

அவர் கையை எடுத்துட்டார்.

"நான் ஓய்வு பெறப் போற நேரம்மா இது. விருந்துக்கு மாடு கூட சொல்லியாச்சு. இப்போ போய் முறைகேடுன்னு என் பேரு தலைநகருக்குப் போகணுமா? அந்தப் பொண்ணுக்கு வேற ஏதாவது வழி பண்ணலாம். பேசாம விடு."

"என்ன வழி பண்ணுவீங்க?"

"ஏதாவது. என் மருந்துக் கடைல உதவிக்கு வச்சுக்கறேன்."

"மருந்துக் கடைல தூசி தட்டவா அவ வயித்துப் பிள்ளையோட மலையேறி வந்து படிச்சா?"

"மெப்ராத்! குரலைத் தாழ்த்து. உன் அப்பா வயசு எனக்கு."

"வயசா இது? அந்தப் பொண்ணு தலைல ஏறி உக்காந்துக்கிட்டு வயசைக் காட்டறீங்களே, வெக்கமா இல்ல உங்களுக்கு?" நான் இப்படி அவர்கிட்ட பேசினதே கிடையாது. எந்தப் பெரியவங்க கிட்டயும் பேசினது கிடையாது. வாய் தானா திறந்துடுச்சு. அந்த வராந்தால நின்னுக்கிட்டு அவரைப் பிடிச்சு உலுக்கணும் போல இருந்துச்சு.

உள்ள போனேன். அவரும் பின்னாலயே வந்தார், நான் என்ன சொல்லப் போறேனோன்னு. யாரெட் முன்னாடி நின்னு சொன்னேன். "டீன் ஐயாதான் மாத்தினார். தன் வசதிக்கு மாத்தினார். தெரியாமச் செஞ்சது. கேளுங்க அவரை."

யாரெட் எழுந்து நின்னு மரியாதையாத்தான் கேட்டார். "காஷே, உண்மையா?"

காஷே பெலாச்சு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கிட்டார். "எனக்கு இந்த மெஷின் விஷயமெல்லாம் என்ன தெரியும்? இந்த வயசுல?"

இப்போதானே, அந்த வராந்தால, என் கையைப் பிடிச்சுக்கிட்டு! இந்த வாயா அந்த வாய்? ஹால்ல எழுதிட்டிருந்த பிள்ளைங்கள்ல பாதி பேருக்கு அவர் தினம் அங்க உக்காந்து மெஷினைத் தட்டறது தெரியும். ஒரு தலை நிமிரல. எல்லாம் திரையையே பாத்துட்டிருந்துச்சுங்க. ஜன்னலோரத்துல உபாலெம் மட்டும் சிவப்புத் திரைக்கு முன்னாடி ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நேரம் போய்க்கிட்டே இருந்துச்சு.

"ஆத்தோ யாரெட், இங்க பாருங்க"ன்னேன், மரியாதை விடாமலே. "பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. இவர், நான். மூணாவது ஆள் கிடையாது. அதை இவரும் இல்லைன்னு சொல்ல மாட்டார். என்ன காஷே, இல்லையா?"

அவர் ஆமான்னு தலையை ஆட்டினார். அதுக்கு மட்டும் தலை ஆடுச்சு.

"அப்போ இவர் இல்லைன்னா நான். எப்படிப் பாத்தாலும் அந்தப் பொண்ணு இல்ல. என் பேரைச் சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க. அவ நேரம் போகுது."

யாரெட் என்னைப் பாத்தார், அவரைப் பாத்தார். அவருக்கு எல்லாம் புரிஞ்சுடுச்சுன்னு எனக்குத் தெரியும். "காஷே, கடைசியாக் கேக்கறேன். இவங்க வேலை போயிடும். நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"அவங்களே ஒத்துக்கறாங்களே"ன்னார் டீன்.

ஒரு அறை விட்டிருந்தா கூட அவ்வளவு வலிச்சிருக்காது. என் கல்யாணத்துக்கு வந்து ஆசீர்வாதம் பண்ணின மனுஷன் அவர். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். யாரெட் போனைப் போட்டு என் பேரைச் சொன்னார், அப்பா பேரோட சேத்து. கொஞ்ச நேரத்துல ஜன்னலோரத்துச் சிவப்பு போய்க் கேள்வி வந்துச்சு. போன நேரத்தைத் திருப்பித் தர மாட்டாங்களாம், மிச்சம் இருக்கறதுல எழுதிக்கணுமாம். உபாலெம் குனிஞ்சா. அப்புறம் முடியற வரைக்கும் தலையைத் தூக்கவே இல்ல.

என்னை ஹாலை விட்டு வெளில போகச் சொல்லிட்டாங்க. சாவியை மேஜைல போட்டுட்டு வாசல்ல லெம்மா பக்கத்துல போய் நின்னேன். குழந்தை பசிச்சு அழுதுட்டிருந்துச்சு. அவன் விரலைச் சப்பக் குடுத்துக்கிட்டே, "உள்ள ஏதாவது பிரச்சனையா அக்கா?"ன்னு கேட்டான். "மணி சரியில்லாம இருந்துச்சு, சரி பண்ணியாச்சு"ன்னேன். வேற என்ன சொல்றது அந்த அப்பாவிகிட்ட?

முடிச்சதும் மெஷினே மார்க்கைக் காட்டிடும். எல்லாப் பிள்ளையும் குலவை போட்டுக்கிட்டும் அழுதுக்கிட்டும் வெளில வந்துச்சு. உபாலெம் கடைசியா வந்தா. முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுச்சு, தேறிட்டா. மயிரிழைலதான், ஆனா தேறிட்டா. நேரா என்கிட்ட வந்தா, குழந்தையைக் கூட வாங்கல.

"அக்கா, ஜன்னல் திறந்துதான் இருந்துச்சு. வராந்தால அவர் சொன்னது அவ்வளவும் என் காதுல விழுந்துச்சு."

நான் அவளைக் கூரை ஓரமா இழுத்தேன்.

"நீங்க மேஜைகிட்ட நின்னு சொன்னப்போ, நானும் எழுந்து சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வந்துச்சு. ஆனா என் சர்டிபிகேட்ல கையெழுத்து போடறது அவர்தானே, அக்கா? நான் வாயைத் திறந்திருந்தா அவர் போட மாட்டார். அதனால உக்காந்துட்டேன். உங்க வேலை போறதைப் பாத்துக்கிட்டே உக்காந்துட்டேன்."

எனக்கு அவ மேலயும் கோவம் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஒரு நொடி அவ கன்னத்துல போடலாம் போல இருந்துச்சு. ஆனா அவ சொன்னதுல என்ன தப்பு? அவ எழுந்திருந்தா அவளும் போயிருப்பா, நானும் போயிருப்பேன், அந்தாளு மட்டும் மாடு வெட்டி விருந்து சாப்பிட்டிருப்பார். இது சரியா இருக்கறதுதான் எனக்கு இன்னும் எரியுது.

"அழாதடி. பிள்ளைக்குப் பாலைக் குடு முதல்ல"ன்னேன்.

வெளில போற வழில, கேட்டுக் கூரைக்குக் கீழ, காஷே பெலாச்சு நின்னுக்கிட்டிருந்தார். தேறின பிள்ளைங்க ஒவ்வொருத்தரும் போய்க் குனிஞ்சு கை குடுத்துட்டுப் போச்சுங்க. அவர் ஒவ்வொரு தலையையும் தடவி ஆசீர்வாதம் பண்ணிட்டிருந்தார். உபாலெம் குழந்தையை மார்போட அணைச்சுக்கிட்டு அவர் முன்னாடி போனா. கொஞ்சம் தயங்கினா. அப்புறம் குனிஞ்சா. அவர் குழந்தையோட கன்னத்தைத் தட்டி, "நல்லா வருவே, என் பிள்ளே"ன்னார். அவ "உங்க தயவு காஷே"ன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு.

அடுத்தது நான். அவர் என்னைப் பாத்துச் சிரிக்கற மாதிரி ஒண்ணு பண்ணி, கையை நீட்டினார். காலேஜே பாத்துட்டிருந்துச்சு. யாரெட் படியில நின்னு பாத்துட்டிருந்தார். எங்க ஊர்ல ஒரு பெரியவர் நீட்டின கையை விட்டுட்டுப் போறதுன்னா அவர் செத்துட்டார்னு சொல்றதுக்குச் சமானம். பொறந்ததுலேர்ந்து நான் அதைச் செஞ்சதில்ல, யாரும் செஞ்சு பாத்ததுமில்ல.

நான் நிக்கல. குனியல. அந்தக் கையைத் தாண்டி, மழையில இறங்கி, ரோட்டுக்கு நடந்தேன்.